பகைவன் எழுதிய தூண்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரியங்களுக்காகப் போகிறார்கள். காமாட்சியம்மனைத் தரிசிப்பது ஒன்று. வரதராஜப் பெருமாளைச் சேவிப்பது மற்றொன்று. பட்டுப் புடவை எடுப்பது மூன்றாவது. மூன்றாவது காரியம் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆகையால் ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் கைலாசநாதருக்குக் கூட்டத்தினால் தொந்தரவு ஏற்படுவதில்லை. கோயிலுக்கு எதிரே, திறந்த வெளியில், ஒரு பெரிய நந்தி தன்னந்தனியாகப் படுத்திருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷங்களாக அது தன் எஜமானரையே பார்த்துக் கொண்டிருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் வந்தோமா, போனோமா என்பதைப் பற்றி அது கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

அந்தக் கோயிலின் முன் மண்டபத்தில், ஒரு தூணின் பின்புறத்தில், சில வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. விசாரித்துத் தேடினாலொழிய கண்ணில் படாது. தமிழ்நாட்டின் நடுவில், பல்லவர் தலைநகரத்தில், பல்லவ மன்னன் கட்டிய கோயிலில் இருக்கும் அந்த எழுத்து தமிழ் அல்ல, கன்னடம். வெட்டுவித்தவன் பல்லவன் அல்ல; பல்லவர்களின் பரம வைரியான சாளுக்கியன். இந்த விசித்திரம் எப்படி நேர்ந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஓர் ஏழை பக்தரின் கதையைச் சொல்லியாக வேண்டும். அவரை விட்டுவிட்டு இந்தக் கோயிலுக்குள் நுழைவது மரியாதை அல்ல.

சென்னையிலிருந்து திருவள்ளூருக்குப் போகும் ரயில் பாதையில் திருநின்றவூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பூசலார் என்ற அந்தணர் ஒருவர் வாழ்ந்தார். சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசைக்குக் குறைவில்லை, காசுக்குத்தான் குறைவு. ஊர் ஊராய் அலைந்து பார்த்தார். கையில் ஒன்றும் சேரவில்லை. வேறொருவராயிருந்தால் ஊராரை நொந்து கொண்டு சும்மா இருந்திருப்பார். பூசலார் சும்மா இருக்கவில்லை. மனத்திலேயே பொருள் சேர்த்தார். மனத்திலேயே கல்லும் மரமும் கொண்டு வந்தார். மனத்திலேயே தச்சர்களை அழைத்தார். நல்ல நாள் பார்த்து அடிக்கல் நாட்டி, இரவிலும் கண் உறங்காமல், நிலை நிலையாக விமானத்தை எழுப்பி, சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறும் குளமும் எடுத்து, மதிலும் கட்டி முடித்தார். கும்பாபிஷேகத்துக்கும் நாள் குறித்தார்.

அதே சமயத்தில் காஞ்சி மாநகரில் காடவர்கோன், அதாவது பல்லவ மன்னன், மெய்யாகவே ஒரு கற்கோயில் கட்டி முடித்து, அதே நாளைக் குறித்திருந்தான். முதல் நாள் இரவு சிவபெருமான் அவன் கனவில் தோன்றி, "நாளைக்கு எனக்குத் திருநின்றவூரில் வேலை இருக்கிறது. பூசலன் கட்டிய கோயிலுக்குள் புகப் போகிறேன். உன்னுடையதைப் பிறகு வைத்துக் கொள்" என்று சொல்லிவிட்டார்! மன்னன் திடுக்கிட்டு எழுந்து திருநின்றவூருக்கு ஓடினான். "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று கேட்டான். அப்படி ஒரு கோயிலே இங்கு இல்லையே என்று ஊரார் விழித்தார்கள். கடைசியில் பூசலாரையே கண்டு கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. முடி தரித்த மன்னன் அந்த ஏழையின் காலில் விழுந்து வணங்கிவிட்டுத் திரும்பினான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் சொல்லியிருக்கும் வரலாறு இது. கனவில் கண்டிக்கப்பட்ட அந்தக் காடவர்கோன், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இரண்டாம் நரசிம்மவர்மன் என்கிற ராஜசிம்மனே என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

"கனவாம், அசரீரியாம்! இதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை" என்று நம்மில் சிலர் புன்னகை புரியக்கூடும். அப்படிப் புன்னகை புரிகிறவர்களை விமானத்தின் வெளிச் சுவரைச் சுற்றிவரும் சிலாசாசனத்தைப் பார்க்கும்படி கேட்டுக் கொள்கிறேன். சம்ஸ்கிருத மொழியில், கிரந்த எழுத்தில், ராஜசிம்மன் காலத்திலேயே வெட்டப்பட்டது அது. அதில் ஓர் இடத்தில் கவி ஒருவர் வியந்து போகிறார். தேவர்களை நேருக்கு நேர் கண்ட துஷ்யந்தன் முதலிய பழைய அரசர்கள் கிருத யுகத்தில் அசரீரி வாக்கைக் கேட்டதில் ஆச்சரியமில்லை. நற்குணங்களெல்லாம் விலகிப் போய்விட்ட இந்தக் கலி யுகத்தில் நம் அரசன் அந்த வாக்கைக் கேட்டானே, அதுவல்லவா ஆச்சரியம் என்பது அந்தச் சுலோகத்தின் கருத்து.

ஆக, ராஜசிம்மன் ஏதோ ஒரு குரலைக் கேட்டான் என்று அவன் காலத்தவர்களே நம்பினார்கள். கல்லிலும் வெட்டி வைத்தார்கள். அந்தக் குரல் என்ன சொல்லிற்று என்பதைக் கல் சொல்லவில்லை. நானூறு வருஷங்களுக்குப் பிறகு வந்த சேக்கிழார் சொன்னார். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அரண்மனைக் கவியின் சுலோகத்தில் அசரீரி வாக்கு அரசனுக்குப் பெருமை. அடியார் கதையிலோ அதே வாக்கு அரசனுக்குப் பாடம். அரசர்கள் தாங்கள் விரும்பியதைக் கல்லில் வெட்டுகிறார்கள். ஜனங்கள் தாங்கள் விரும்பியதை நினைவில் வைத்துக் கொள்கிறார்கள்.

இனி, கோயிலுக்குள் போகலாம்.

தமிழ்நாட்டுக் கோயில் என்றதும் வானளாவிய கோபுரத்தைத் தேடுகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றந்தான். வாசலில் இருப்பது மிகச் சிறிய கோபுரம். அதற்கு வெளியே வரிசையாக எட்டுச் சிறு கோயில்கள். அவற்றில் ஒன்றைக் கட்டியவள் ரங்கபதாகை என்னும் அரசி என்று அங்குள்ள சாசனம் கூறுகிறது. அரசன் கட்டிய கோயிலின் வாசலில் அரசிக்கும் ஓர் இடம். அவளை அடுத்து மகன் வருகிறான். ராஜசிம்மனுடைய புதல்வன் மகேந்திரவர்மன் எடுப்பித்த கோயில் கீழ்ப்புறத்தில், தந்தையின் கோயிலுக்கு முன்னால் நிற்கிறது. தாய், தந்தை, பிள்ளை எல்லோரும் சேர்ந்து கட்டிய குடும்பக் கோயில் என்று இதைச் சொன்னால் தவறில்லை. அந்தக் குடும்பம் வணங்கியதும் ஒரு குடும்பத்தைத்தான். அம்மையும் அப்பனும், நடுவே குழந்தை முருகனும் வீற்றிருக்கும் சோமாஸ்கந்தர் வடிவத்தைக் கருவறையின் பின்சுவரிலும் சுற்றுக் கோயில்களிலும் திரும்பத் திரும்பக் காணலாம். கருவறையில் பதினாறு பட்டைகள் தீட்டிய பெரிய லிங்கம் கறுத்து மின்னுகிறது.

பிரகாரத்து மதிலின் உட்புறம் ஒட்டி ஐம்பத்தெட்டுச் சிற்றாலயங்கள் சுற்றி நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனிக் கோயில் போல விமானத்தோடு கூடியது. அவற்றின் மீது ராஜசிம்மனுடைய விருதுப் பெயர்கள் இருநூற்றுக்கு மேல் வெட்டப்பட்டிருக்கின்றன. ரணஜயன் என்கிறான், சிவசூடாமணி என்கிறான், ஆகமப்பிரியன் என்கிறான், வாத்திய வித்தியாதரன் என்கிறான். படித்துக் கொண்டே நடந்தால் நமக்கு மூச்சு வாங்குகிறது. பூசலார் கதையைச் சொன்னவர்கள், அரசனுக்கு ஒரு பாடம் அவசியந்தான் என்று நினைத்ததில் வியப்பில்லை!

விளையாட்டு ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் கோயில் தமிழ்நாட்டுக் கட்டடக் கலையில் ஒரு திருப்பம். ராஜசிம்மனுக்கு முன்பு மகேந்திர பல்லவன் மலையைக் குடைந்தான். மாமல்லன் பாறையை ரதமாகச் செதுக்கினான். இருந்த இடத்தில் இருந்த பாறையைத்தான் அவர்கள் கோயிலாக்க முடிந்தது. காஞ்சியில் பாறை ஏது? ராஜசிம்மன் காலத்துச் சிற்பிகள் கல்லின் மேல் கல்லை அடுக்கி வேண்டிய இடத்தில், வேண்டிய உயரத்தில் கோயில் எழுப்பினார்கள். சுமை தாங்கும் அடித்தளத்துக்குக் கருங்கல்; அதற்கு மேலே, உளிக்கு இளகிக் கொடுக்கும் மணற்கல். தூண்களின் அடியிலெல்லாம் சிங்கங்கள் பாய்ந்து நிற்கின்றன. கட்டியவன் பெயர் ராஜசிம்மன் அல்லவா? சுவரெங்கும் சிவபெருமானின் திருக்கோலங்கள். ஆடுகிறார், பிச்சை எடுக்கிறார், கங்கையைச் சடையில் தாங்குகிறார், மூன்று கோட்டைகளை எரிக்க வில்லை வளைக்கிறார். மணற்கல் மழைக்கும் வெயிலுக்கும் கரைந்துவிட்டது. பிற்காலத்தார் சுதையைப் பூசி மூடினார்கள். அந்தப் பூச்சின் அடியில் பழைய வர்ண ஓவியங்கள் ஒளிந்திருப்பதை 1931-ஆம் ஆண்டு ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். ஓவியங்களில் இப்போது எஞ்சியிருப்பவை சில கோடுகளும் சில வர்ணத் திட்டுக்களுமே. ஆனாலும் அந்த ஒரு கோட்டின் வளைவே போதும், போனது எவ்வளவு என்று நினைத்து ஏங்குவதற்கு.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான வழி உண்டு. தவழ்ந்து உள்ளே புகுந்து, சுற்றி, மறுபடியும் தவழ்ந்து வெளியே வர வேண்டும். அப்படி வந்தால் மறுபிறவி இல்லை என்பது ஜனங்களின் நம்பிக்கை. உடல் பருத்தவர்கள் சற்று யோசித்துவிட்டுத் துணிவது நல்லது. இருநூறு விருதுகள் பூண்ட மன்னனாயிருந்தாலும் இந்த இடத்தில் நான்கு காலில்தான் போயாக வேண்டும் என்பது மட்டும் எனக்கு நிரம்பப் பிடித்திருந்தது.

முன்பு குறிப்பிட்ட விமானத்துச் சாசனத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ராஜசிம்மனின் தந்தை பரமேசுவரவர்மன். சிவபெருமானுக்கும் பரமேசுவரன் என்று பெயர் உண்டல்லவா? கவி இதைப் பிடித்துக் கொண்டு சிலேடை செய்கிறார். போர்வெறி கொண்ட அசுரர்களின் புரத்தை அழித்த பரமேசுவரனுக்குக் குகன் பிறந்தது போல, ரணரசிகனின் புரத்தை அழித்த பரமேசுவரனுக்கு இந்த அரசன் பிறந்தான் என்கிறார். ரணரசிகன் என்பது யார்? சாளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தனுடைய விருதுப் பெயர் அது. அதாவது, சாளுக்கியனை அசுரன் ஸ்தானத்தில் வைத்து, அவன் ஊரை அழித்ததைப் பெருமையாகச் சொல்லி, கருவறைச் சுவரிலேயே வெட்டியிருக்கிறார்கள்!

இந்தப் பகை அன்று நேற்று முளைத்ததல்ல. வாதாபியை ஆண்ட இரண்டாம் புலிகேசி மகேந்திர பல்லவன் காலத்தில் பல்லவ நாட்டின்மேல் படையெடுத்தான். மகேந்திரன் மகன் மாமல்லன், 642-இல் வாதாபிக்கே படை நடத்திச் சென்று அந்த நகரைக் கைப்பற்றினான். அங்கே ஒரு பாறையில் தன் வெற்றியை வெட்டுவித்தான். "வாதாபி கொண்டான்" என்று பட்டம் சூடினான். புலிகேசியின் மகன் அந்த முதலாம் விக்கிரமாதித்தன். அவன் பழி வாங்கக் காஞ்சிக்கு வந்தான். அவனைப் பரமேசுவரவர்மன் திருப்பி அடித்தான். அப்பன் பகை பிள்ளைக்கு, பிள்ளை பகை பேரனுக்கு என்று நிலம் போல, நகை போல, பகையும் பரம்பரைச் சொத்தாய் இறங்கி வந்தது.

பள்ளிக்கூடத்தில் வாதாபி வெற்றியைப் பற்றிப் படித்தபோது நாங்களெல்லாம் கை தட்டினோம். நாவல் எழுதுகிறவர்களுக்கும் அந்த இடம் மிகவும் சௌகரியமானது. பகைவனின் தலைநகரம் பற்றி எரிகிறது, கதாநாயகன் குதிரையைத் திருப்புகிறான், கதை முடிந்தது. ஆனால் சரித்திரம் "முற்றும்" போடுவதில்லை. எரிந்த நகரத்தில் குழந்தைகள் இருக்கின்றன. அவை வளருகின்றன.

ஏறக்குறைய நூறு வருஷங்கள் சென்றன. ராஜசிம்மன் மறைந்தான். அவன் சந்ததி அற்றுப்போய், பல்லவர்களின் கிளை வம்சத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பாலகன் ஒருவனைக் கொண்டு வந்து முடி சூட்டினார்கள். அவன்தான் நந்திவர்ம பல்லவமல்லன். அந்தக் கதையைக் காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் சிற்ப வரிசையில் இன்றும் காணலாம். இந்தச் சமயத்தில் வாதாபியின் அரியாசனத்தில் இருந்தவன் இரண்டாம் விக்கிரமாதித்தன். 733 முதல் 744 வரை ஆண்டவன். ரணரசிகனுக்குக் கொள்ளுப் பேரன். புலிகேசிக்கு எள்ளுப் பேரன். அவன் பெரும் படையுடன் வந்தான். நந்திவர்மன் தோற்று ஓடினான். காஞ்சியின் கோட்டைக் கதவுகள் திறந்தன.

வாசகர்கள் சற்று அந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். எள்ளுப் பாட்டனின் தலைநகரைச் சூறையாடிய வம்சத்தின் தலைநகரம் காலடியில் கிடக்கிறது. எதிரே அந்த வம்சத்தின் பெருமையெல்லாம் திரண்டு நிற்பது போன்ற கோயில். அதன் சுவரில் தன் கொள்ளுப் பாட்டனை அசுரனுக்கு ஒப்பிட்ட சுலோகம். உள்ளே குவியல் குவியலாகப் பொன். பின்னால் கையில் தீவட்டியுடன் படை. ஒரு தலையசைப்புப் போதும். அத்துடன் கணக்குத் தீர்ந்தது.

விக்கிரமாதித்தன் தலையசைக்கவில்லை.

ராஜசிம்மேசுவரத்தின் செல்வத்தைப் பார்வையிட்டு, அதைக் கவர்ந்து கொள்ளாமல் இறைவனுக்கே திரும்பக் கொடுத்தான். அதைத்தான் தூணில் தன் மொழியில் வெட்டுவித்தான். சாசனத்தின் முடிவில் ஒரு சாபமும் உண்டு. இந்த எழுத்தையும் இந்த அறத்தையும் அழிப்பவர்கள், இந்த நகரத்துக் கடிகையின் பெரியோர்களைக் கொன்ற பாவிகள் போகும் உலகத்துக்குப் போவார்களாம். கடிகை என்பது காஞ்சியின் புகழ் பெற்ற கல்விச் சாலை. பகைவன் ஊரின் பண்டிதர்களைக் கொல்வதுதான் உலகத்திலேயே பெரிய பாவம் என்று படையெடுத்து வந்தவன் சொல்கிறான்!

"தானே தன் பெருமையை எழுதிக் கொண்டான், நம்பலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவனை மகாத்மாவாக்க எனக்கும் விருப்பமில்லை. அவன் மகன் வெளியிட்ட செப்பேடுகளே உண்மையைச் சொல்கின்றன. காஞ்சியை அழிக்காமல் உள்ளே புகுந்தான், ஏழைகளுக்கும் அந்தணர்களுக்கும் தானம் கொடுத்தான், நரசிம்மவர்மன் கட்டிய ராஜசிம்மேசுவரம் முதலிய கோயில்களுக்குப் பொன்னைத் திரும்ப அளித்தான் என்று கூறும் அதே செப்பேடுகள், பல்லவ அரசனுடைய வாத்தியங்களையும், கொடியையும், யானைகளையும், மாணிக்கங்களையும் அவன் பறித்துக் கொண்டதையும் கூறுகின்றன. ஆகவே அரசனுடையதை விடவில்லை, ஆண்டவனுடையதைத் தொடவில்லை. மனிதன் முழுவதும் நல்லவனாக இல்லாவிட்டாலும், ஓர் எல்லைக் கோட்டைத் தாண்டாதவனாக இருக்க முடியும். உலகம் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களால்தான் பிழைத்திருக்கிறது.

பொன்னைக் காஞ்சியில் விட்டுவிட்டு அவன் ஊருக்கு எடுத்துச் சென்றது வேறொன்று. மலப்பிரபா நதிக் கரையில், வாதாபிக்கு அருகில், பட்டதக்கல் என்ற இடத்தில், அவனுடைய பட்டத்தரசி லோகமகாதேவி ஒரு கோயில் எடுப்பித்தாள். லோகேசுவரம் என்று அன்று பெயர்; விரூபாட்சர் கோயில் என்று இன்று பெயர். கணவன் காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாகக் கட்டியது என்று அங்குள்ள சாசனம் சொல்கிறது. ஆனால் அந்த விமானத்தையும், முன்னால் நிற்கும் நந்தியையும், மதிலை ஒட்டிய சிற்றாலயங்களையும் பார்த்தால், வென்றது யார் என்று சந்தேகம் வருகிறது. கைலாசநாதரின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது. அதைக் கட்டிய சிற்பாசாரி குண்டன் தென்திசைச் சூத்திரதாரி என்று அங்கே புகழப்படுகிறான். பத்து வருஷங்களுக்குள் சாளுக்கிய வம்சத்தையே ராஷ்டிரகூடர்கள் வீழ்த்திவிட்டார்கள். அவர்களில் முதலாம் கிருஷ்ணன் எல்லோராவில் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து கைலாச நாதர் கோயிலை உண்டாக்கினான். அதற்குப் பட்டதக்கல் கோயிலே முன்மாதிரி என்பது கலை வல்லுநர்களின் கருத்து. தீவட்டி எறியாமல் விட்ட ஒரு கணத்தின் பலன் எங்கே போய்ச் சேர்ந்தது, பார்த்தீர்களா? தமிழ்நாட்டிலும் சோழர்கள் இந்தக் கோயிலைக் "கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி" என்று மதித்துப் போற்றினார்கள்.

ஆனால் அந்த மதிப்பு நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பகைவன் காப்பாற்றிய கோயிலை நம்மவர்களே ஒரு சமயம் மூடிவிட்டார்கள். குலோத்துங்க சோழன் காலத்தில் இந்தக் கோயில் அடைக்கப்பட்டு, இதன் நிலங்கள் வேறொரு கோயிலுக்குப் போய்விட்டன. விஜயநகர இளவரசன் கம்பண்ண உடையார் காலத்தில், 1364-ஐ ஒட்டி, மீண்டும் திறந்து நிலங்களைத் திருப்பிக் கொடுக்க உத்தரவாயிற்று. அந்தச் செய்தியும் இங்கேயே கல்லில் இருக்கிறது.

தூணுக்குத் திரும்புவோம். விக்கிரமாதித்தன் போன பிறகு நந்திவர்மன் திரும்பி வந்து காஞ்சியை மீட்டுக் கொண்டான், நெடுங்காலம் ஆண்டான். தான் தோற்று ஓடிய கதையைச் சொல்லும் கன்னட எழுத்து தன் முன்னோர் கோயிலில் இருப்பது அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு தச்சனும் ஓர் உளியும் அரை நாளும் போதும், அதைச் செதுக்கி எறிய. அவன் எறியவில்லை. விக்கிரமாதித்தனும் தன் கொள்ளுப் பாட்டனை இழித்த சுலோகத்தைச் செதுக்கி எறியவில்லை. ஒருவரை ஒருவர் நூறு வருஷங்களாக வெட்டிக் கொண்ட இரு வம்சத்தார், ஒருவர் எழுத்தை மற்றொருவர் அழிக்காமல் விட்டார்கள். இன்று அந்த இரண்டு வம்சமும் இல்லை. இரண்டு எழுத்தும் ஒரே கோயிலில் இருக்கின்றன.

சுலோகம் கவியின் திறமையைக் காட்டுகிறது. இருநூறு விருதுகள் அரசனின் ஆசையைக் காட்டுகின்றன. பகைவன் எழுதிய தூணும், அதை விட்டுவைத்த மன்னனுந்தான் இந்தக் கோயிலின் நிஜமான பெருமை என்று எனக்குத் தோன்றுகிறது. பூசலார் கட்டியது மனக் கோயில் என்கிறோம். கையில் தீவட்டி இருந்தும் எரிக்காமல் விட்டவனும், கையில் உளி இருந்தும் செதுக்காமல் விட்டவனும் தங்கள் தங்கள் மனத்தில் அன்று ஏதோ ஒன்றைக் கட்டித்தான் இருக்க வேண்டும். அதற்கும் ஆண்டவன் கும்பாபிஷேகத்துக்குப் போகாமலா இருந்திருப்பார்?

அடுத்த முறை காஞ்சிக்குப் போகும்போது, புடவைக் கடையில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்திக் கொண்டு மேற்கே செல்லுங்கள். நந்தியைப் பார்த்த பிறகு, அந்தத் தூணை விசாரித்துத் தேடுங்கள்.